யூகோ மிஸ்ஸுக்கு நான் நடத்திய பிரியாவிடை

என் கதிரையில் இப்போது உட்கார்ந்திருக்கும் விளையாட்டு உத்தியோகத்தர் போன மாதம் தொலைபேசியில் அழைத்தார். நல்ல பிள்ளை. என்னைப் போல் தொப்பை வைக்காத பிள்ளை.

"சேர், இங்க வெளிநாட்டுத் தொண்டர் ஒருத்தங்க ஒரு வருஷம் முடிஞ்சு போறாங்க. பிரியாவிடை வைக்கணும். அதுல உங்கள அடிச்சுக்க ஆளில்லன்னு ஒபிஸ்ல எல்லாரும் சொல்றாங்க. பழைய நிகழ்ச்சி நிரல் ஒண்ணு இருந்தா அனுப்புங்களேன்."

அவர் சொன்னது உண்மைதான். முப்பத்திரண்டு வருடச் சேவையில் நான் ஒரு தேசிய வீரரைக்கூட உருவாக்கவில்லை. ஆனால் என் பிரியாவிடை விழாக்களைக் குறை சொல்ல ஆள் கிடையாது. மாலை எந்த ஊரில் வாங்கினால் மதியம் வரை வாடாது, பொன்னாடைக்குப் பதுளை பஜாரில் எந்த முஸ்லிம் நானாவின் கடையில் கடன் சொல்லலாம், மூன்று நிமிடத்துக்கு மேல் பேசுகிறவரை மைக் சரி செய்யும் சாக்கில் எப்படி இறக்குவது, எல்லாம் எனக்கு அத்துப்படி. மாற்றலாகிப் போகிறவர் அழவில்லை என்றால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது.

நிகழ்ச்சி நிரலை அனுப்பிவிட்டேன். ஆனால் அதே நிரலை வைத்து நான் கடைசியாக நடத்திய விழா எப்படி முடிந்தது என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. வாயால் சொல்ல முடியாததை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவன். எங்கள் பாடசாலையில் சப்பாத்து வைத்திருந்த ஒரே பையன் நான். கொழும்பில் வேலை பார்த்த மாமா தன் முதலாளி மகனின் பழைய சப்பாத்தைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். சப்பாத்து போட்டிருக்கிறானே, இவன்தான் ஓட்டக்காரன் என்று வாத்தியார் முடிவு செய்துவிட்டார். அந்தத் தவறான முடிவின் மேல்தான் என் முழு உத்தியோகமும் கட்டப்பட்டது. பிறகு இரண்டு வருடப் பயிற்சி. விசில் ஊதவும், சுண்ணாம்பில் கோடு போடவும், சுளுக்குக்குத் துணி கட்டவும் கற்றுக்கொண்டேன். மீதியை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் முதல் பணிப்பாளர்.

அவர் ஒரு சிங்களப் பெரியவர். தும்பைப்பூச் சட்டை, பையில் இரண்டு பேனை. யார் மனுவோடு வந்தாலும் உட்காரச் சொல்லுவார், பிளேன்டீ வரவழைப்பார், கண்ணை மூடிக்கொண்டு முழுக் கதையையும் கேட்பார். முடிந்ததும் ஒரு துண்டுக் காகிதத்தில் வந்தவரின் பெயரை எழுதி, சரியா என்று இரண்டு தடவை வாசித்துக் காட்டுவார். பெயரைச் சரியாகச் சொன்னதிலேயே வந்தவருக்குப் பாதி மனம் நிறைந்துவிடும். பிறகு, "ஏற்பாடு செய்வோம்" என்பார். வந்தவர் படியிறங்கியதும் காகிதம் மேசை லாச்சிக்குள் போகும். அந்த லாச்சியிலிருந்து ஒரு காகிதம் வெளியே வந்ததை நான் பார்த்ததில்லை.

ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன். முடியாது என்றே சொல்லி அனுப்பினால் என்ன என்று. அவர் கோபப்படவில்லை. "முடியாது என்று சொன்னால் அவன் நாளைக்கும் வந்து சண்டை போடுவான். ஏற்பாடு செய்வோம் என்று சொன்னால் வீட்டில் இருந்து காத்திருப்பான்" என்றார். அடடா, என்ன ஞானம் என்று நான் மெய்சிலிர்த்துப் போனேன். அன்றிலிருந்து முப்பது வருடம் நான் யாருக்கும் 'இல்லை' சொன்னதில்லை. ஊரில் எனக்கு நல்ல மனிதர் என்று பெயர்.

மாற்றுத்திறனாளிகள் விளையாட்டுப் பிரிவும் என் பொறுப்பில்தான் இருந்தது. வருடத்துக்கு ஒருநாள் அவர்களை வரவழைத்துப் பந்தலின் கீழே முன்வரிசைக் கதிரைகளில் உட்கார வைப்போம். பாடசாலைப் பிள்ளைகள் அவர்கள் முன்னால் ஓடிக் காட்டுவார்கள். வந்ததற்காக எல்லோருக்கும் பரிசு உண்டு. ஒரு வருடம் புதுமையாகச் செய்ய நினைத்து, புத்தாண்டு விளையாட்டுகளில் வருமே, யானைக்குக் கண் வைக்கும் போட்டி, அதைச் சேர்த்தேன். கண்ணைக் கட்டிக்கொண்டு போய்ப் பலகையில் வரைந்திருக்கும் யானைக்குக் கண் வைக்க வேண்டும். வரிசையில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி நின்றாள். விதி எல்லோருக்கும் ஒன்றுதானே என்று அவள் கண்ணையும் துணியால் இறுக்கிக் கட்டினேன். அவளுக்கு ஆறு வயதிலேயே காய்ச்சலில் பார்வை போயிருந்தது. பலகையின் ஓரத்தைத் தடவி, விரலால் அளந்து, சரியாகக் கண் இருக்க வேண்டிய இடத்தில் வைத்தாள். பலகையைத் தொட்டது விதிமீறல் என்று நான் அவளை நீக்கினேன். அவள் பெயர் வசந்தி.

நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு வருடம் இருக்கும்போதுதான் யூகோ வந்தார். ஜப்பானில் கடலோரச் சிறு ஊர் ஒன்றில் உடற்பயிற்சி ஆசிரியை. முப்பத்தைந்து வயதிருக்கும். மாற்றுத்திறனாளிகளையும் மற்றவர்களையும் ஒன்றாக விளையாட வைப்பது அவர் வேலை. வருவதற்கு முன் அவருக்குச் சிங்களம் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அனுப்பியதோ தமிழ்த் தோட்டங்களுக்கு. அவருடைய சிங்களம் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி வைத்த, பாடப்புத்தகச் சிங்களம். எங்கள் ஆட்களில் பலருக்குத் தெரிந்தது கடைக்கும் பஸ்ஸுக்கும் போதுமான சிங்களம். ஆகவே நடுவில் மொழிபெயர்ப்பாளராக நான் நின்றேன். அதில்தான் எல்லாம் கெட்டது.

அந்த வருட விழாவில் பந்தலுக்குக் கீழே இருந்தவர்களைக் காட்டி, "இவர்கள் ஏன் கதிரையில் இருக்கிறார்கள்?" என்று கேட்டார்.

"விருந்தினர்கள்" என்றேன்.

"எப்போது விளையாடுவார்கள்?"

நிரலைப் புரட்டிப் பார்த்தேன். தேசிய கீதம் இருந்தது, மங்கள விளக்கு இருந்தது, நன்றியுரை இருந்தது. அவர்கள் விளையாட ஓரிடமும் இல்லை.

அடுத்த வாரம் தோட்டத்து மைதானத்தில் வலையைத் தாழ்த்திக் கட்டி, எல்லோரையும் தரையில் உட்கார வைத்துக் கரப்பந்து ஆட வைத்தார். கால் நன்றாக இருப்பவனும் உட்கார்ந்துதான் ஆட வேண்டும். என்னையும் விடவில்லை. வெள்ளைக் காற்சட்டையோடு உட்கார்ந்தேன். எதிர்ப்பக்கம், சர்க்கரை வியாதியில் ஒரு காலை இழந்த தொழிற்சாலைக் கணக்கர். அவர் அடித்த ஏழு பந்துகளில் ஏழும் என் தலைக்கு மேலே போயின. எங்கள் மைதானம் சரிவு. போன பந்து ஒவ்வொன்றும் தேயிலைக்குள் உருண்டது. எழுந்து போய் எடுத்து வர என்னால் முடியவில்லை, ஏனென்றால் தரையிலிருந்து எழுந்திருக்கவே முடியவில்லை. அன்றைக்குக் கணக்கர் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பதினோரு வருடம் அவருக்குப் பரிசு கொடுத்திருக்கிறேன், ஒரு தடவையும் அவர் அப்படிச் சிரித்ததில்லை.

பிறகு யூகோ வசந்தியைப் பற்றிக் கேள்விப்பட்டு, லயத்துக்கு அழைத்துப் போகச் சொன்னார். வசந்திக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அப்பா இல்லை. அம்மா லெட்சுமி கொழுந்து பறிப்பவர். காலையில் பேர் பதியும் பெரட்டுக்குப் போனால், பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு நாலரைக்குத்தான் வருவார். அதுவரை வசந்தி தனியாக வீட்டில், வானொலியோடு. நாங்கள் போனபோதும் அது சிங்களத்தில் என்னவோ பேசிக்கொண்டிருந்தது. இரைச்சலாக இருக்கிறது, குறைக்கச் சொல்லுங்கள் என்று நான்தான் சொன்னேன்.

யூகோ என்னிடம், "வசந்திக்கு ஓட விருப்பமா என்று கேளுங்கள்" என்றார்.

நான் லெட்சுமியைப் பார்த்து, "தங்கச்சி, மிஸ் ஒங்க புள்ளைய ஓட்டப் பயிற்சிக்கு அனுப்பச் சொல்றாங்க" என்றேன்.

"வெளையாடுறீங்களா சேர்? கண்ணு தெரியாத பொம்பளப் புள்ள. நாலு பேரு பாக்க ஓட விட்டு, விழுந்து பல்லு ஒடைஞ்சா யாரு பாக்குறது?"

யூகோவிடம் திரும்பி, "அம்மாவுக்கு மிகுந்த மகிழ்ச்சி. பாதுகாப்பைப் பற்றி ஒரு சிறு கேள்வி" என்றேன்.

யூகோ விளக்கமாகச் சொன்னார். பக்கத்தில் கூடவே ஒருவர் ஓடுவார், இருவர் கையிலும் ஒரு கயிறு இருக்கும், ஆனாலும் சில நாள் விழத்தான் செய்வாள், நானும் விழுந்திருக்கிறேன் என்றார்.

"விழவே மாட்டாளாம், பூப்போல பாத்துக்குவாங்களாம்" என்றேன்.

லெட்சுமி கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சேர், அவங்க நாட்டுல பெரிய பெரிய டாக்டருங்க இருப்பாங்க இல்ல? இவ கண்ணுக்கு அங்க ஏதாச்சும் செய்ய முடியுமான்னு கேளுங்களேன்" என்றார்.

அந்தக் கேள்வியை நான் யூகோவிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் முடியாது என்றிருப்பார். பேச்சு அங்கேயே முடிந்திருக்கும், என் மாதாந்த அறிக்கையில் ஒரு கட்டம் காலியாக இருந்திருக்கும். இங்கே பார்த்த வைத்தியர்கள் ஒன்றும் செய்வதற்கில்லை என்று எப்போதோ சொல்லிவிட்டார்கள், அதுவும் எனக்குத் தெரியும். ஆனாலும் முப்பது வருடப் பழக்கம் முந்திக்கொண்டது.

"ஏற்பாடு செய்வோம் தங்கச்சி."

லெட்சுமியின் முகம் மாறியதை இப்போதும் மறக்க முடியவில்லை. "அப்ப சரிங்க" என்றார். யூகோவிடம் "சம்மதம்" என்றேன். அவர் தங்கள் வழக்கப்படி இடுப்பை வளைத்து லெட்சுமிக்கு வணக்கம் சொன்னார். அவ்வளவு பெரிய மனுஷி குனிந்து உறுதி சொல்கிறாரே என்று லெட்சுமிக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவும் நடந்தபோது வசந்தி மூலையில் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் நாங்கள் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பயிற்சி தொடங்கியது. கயிறு ஒரு முழத்துக்கும் குறைவு. இரண்டு நுனியிலும் வளையம், ஆளுக்கு ஒன்றாகக் கையில் மாட்டிக்கொள்ள வேண்டும். கயிறு எப்போதும் தளர்ந்தே இருக்க வேண்டும் என்பது யூகோவின் முதல் விதி. வழிகாட்டி இழுக்கக் கூடாது, தள்ளக் கூடாது, முன்னால் போகக் கூடாது. ஓடுபவளின் கால் எட்டுக்குத் தன் காலை மாற்றிக்கொள்ள வேண்டியது வழிகாட்டிதான். முடிவுக் கோட்டை அவள்தான் முதலில் தாண்ட வேண்டும். முதல் மூன்று நாளும் நடை மட்டும். போட்டியில் கொஞ்சம் வெளிச்சம் தெரிகிறவர்களும் இருப்பார்கள், ஆகவே எல்லோருக்கும் கண்ணைக் கட்டுவார்கள் என்று யூகோ துணியை எடுத்தபோது, வசந்தி என் பக்கம் திரும்பி, "சேர் முந்தியே ஒருதடவ கட்டியிருக்காங்க" என்றாள். பன்னிரண்டு வருடம் கழித்தும் மறக்கவில்லை. நான் இருமினேன்.

ஒருநாள் யூகோவுக்குக் காய்ச்சல். நான் கயிற்றைப் பிடித்தேன். இருபது அடி போயிருக்க மாட்டோம், "சேர், மாட்ட இழுத்துட்டுப் போற மாதிரி இழுக்குறீங்க" என்று வசந்தி நின்றுவிட்டாள். அதற்குப் பிறகு குடையும் நிறுத்தக் கடிகாரமும் பிடிப்பது என் வேலையாயிற்று. மைதானத்தின் மறுகோடியில் அவர்கள் ஓடும்போது உதடு அசைவது தெரியும். கால் எட்டுகளை எண்ணுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மாகாணப் போட்டியில் நானூறு மீற்றரில் ஐந்து பேரில் நான்காவதாக வந்தாள். எவ்வளவு நேரத்தில் ஓடினாள் என்று என்னிடம் கேட்காதீர்கள். அவள் கிளம்பிய வேகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றவன் கடிகாரத்தை அமுக்க மறந்துவிட்டேன்.

இடையில் லெட்சுமி என்னைக் காணும்போதெல்லாம், "என்னாங்க சேர், ஏதாச்சும் சேதி?" என்பார். "நடந்துக்கிட்டு இருக்குங்க" என்பேன். வருடம் முழுக்க நடந்துகொண்டே இருந்தது.

யூகோ போகும் நாள் நெருங்கியது. "விழா வேண்டாம். கடைசி நாளும் மைதானத்தில் வழக்கம்போல் விளையாடுவோம், முடிந்ததும் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்லிக்கொள்கிறேன்" என்றார். "ஏற்பாடு செய்வோம்" என்று சொல்லிவிட்டு மண்டபத்தைப் பதிவு செய்தேன். மாலை, பொன்னாடை, குத்துவிளக்கு, நினைவுச் சின்னம், ஆறு பேச்சாளர்கள். ஒன்பது கதிரைகளை முன்வரிசையில் போட்டு அவருடைய விளையாட்டுக்காரர்களை வரிசையாக உட்கார வைத்தேன். மேடையில் ஏறிய யூகோ அந்த வரிசையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் புரிந்தும் புரியாதவன் மாதிரி மைக்கைத் தட்டிப் பார்த்தேன்.

நான்காவது பேச்சாளர் முடித்ததும், நிரலில் இல்லாத ஒருவர் மேடை ஏறினார். லெட்சுமி. பட்டுப் போன்ற ஒரு சேலை, தலையில் பூ, கையில் பிளாஸ்டிக் பை. பையில் வசந்தியின் பழைய கண் கிளினிக் அட்டைகள் எல்லாம், பிறப்புச் சான்றிதழ், புதிதாக எடுத்த நான்கு படங்கள்.

"மிஸ், இதுல எல்லாம் இருக்கு. எப்ப கூட்டிக்கிட்டுப் போவீங்கன்னு முன்னாடியே சேர்கிட்ட சொல்லியனுப்புங்க. தோட்டத்துல லீவு கேக்கணும்" என்று பையை நீட்டினார்.

யூகோ என்னைப் பார்த்தார். மைக் என் கையில். நாளைக் காலை ரயில், மறுநாள் விமானம், மூன்று வாரத்தில் எனக்கு ஓய்வு, பிறகு யார் வந்து கேட்கப் போகிறார்கள்? இதெல்லாம் ஒரு மூச்சு விடும் நேரத்துக்குள் என் மனதில் ஓடியது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் ஓடியது.

"வசந்தியின் ஞாபகமாக வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார்" என்றேன் சிங்களத்தில்.

யூகோ இரண்டு கையாலும் பையை வாங்கி, இடுப்பு வரை குனிந்தார். மண்டபம் கைதட்டியது. லெட்சுமி வாய்விட்டு அழுதார்.

அப்போது முன்வரிசையில் வசந்தி எழுந்து நின்றாள். சிங்களத்தில் பேசினாள். செய்தி வாசிப்பவரின் சிங்களம், என் சிங்களத்தைவிட நூறு மடங்கு சுத்தம்.

"மிஸ், அது ஞாபகப் பொருள் இல்லை. என் வைத்தியச் சீட்டுகள். நீங்கள் என்னை உங்கள் நாட்டுக்குக் கூட்டிப்போய்க் கண் தெரிய வைப்பீர்கள் என்று அம்மா ஒரு வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறார். அந்த நம்பிக்கையில்தான் என்னை ஓட விட்டார். அம்மா கேட்டதைச் சேர் உங்களிடம் சொல்லவே இல்லை."

எண்ணிக்கொண்டு ஓடுகிறார்கள் என்று நினைத்தேனே, வருடம் முழுக்க இருவரும் சிங்களத்தில் கதை பேசிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். நான் செய்த மொழிபெயர்ப்பு ஒவ்வொன்றையும் முதல் நாளிலிருந்தே இந்தப் பெண் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். சிங்களம் தெரியுமா என்று அவளிடம் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. அவளிடம் எதையுமே கேட்க எனக்குத் தோன்றியதில்லை.

அவள் தமிழுக்கு மாறினாள். "அம்மா, மிஸ்ஸுக்கு ஒண்ணும் தெரியாது. யாரும் என்னைய கூட்டிட்டுப் போகப் போறதில்ல. எனக்கு மொதல்லயே தெரியும். சொன்னா ஓட விடமாட்டீங்கன்னு நானும் வாய மூடிட்டு இருந்துட்டேன். இப்பவும் சொல்லலன்னா நீங்க தெனம் கடுதாசி வருதான்னு பாத்துக்கிட்டே இருப்பீங்கம்மா."

யூகோ மேடையிலேயே லெட்சுமியின் முன்னால் முழந்தாளிட்டார். பையை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். "என்னால் முடியாது. கேட்டிருந்தால் முதல் நாளே முடியாது என்று சொல்லியிருப்பேன். மன்னியுங்கள்" என்றார். இந்தத் தடவை மொழிபெயர்த்தது வசந்தி.

லெட்சுமி பையை வாங்கிக்கொண்டார். அழுகை நின்றுவிட்டது. என்னிடம் வந்து, மைக்கில் விழுகிற மாதிரியே கேட்டார். "நீங்களும் லயத்துல பொறந்தவருதான சேர்? இல்லன்னு ஒரு வார்த்த சொல்ல ஒரு வருஷமா ஒங்களுக்கு நேரம் கெடைக்கலயா?"

மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போனார். யூகோ பின்னால் ஓடினார். அதற்குள் ஆட்டோ கிளம்பிவிட்டது. நிரலில் அடுத்தது நன்றியுரை. வழங்குபவர் நான்.

மறுநாள் காலை பதுளை ரயில் நிலையத்துக்குப் போனேன். கணக்கர் ஊன்றுகோலோடு வந்திருந்தார், இன்னும் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். வசந்தி வரவில்லை. நான் யூகோவிடம் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன், சொல்லவில்லை. "என்னிடம் கேட்டு என்ன பயன்? அவர்களிடம் போய்க் கேளுங்கள்" என்றார். கயிற்றைச் சுருட்டி என் கையில் கொடுத்தார். "ஒரு வருடம் அவளோடு ஓடினேன். போய்வருகிறேன் என்று அவளிடம்தான் சொல்ல முடியவில்லை." ரயில் நகரும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அழுதார். போகிறவர் அழுதும் எனக்குச் சாப்பாடு இறங்காதது அன்றைக்குத்தான்.

மூன்று வாரம் கழித்து எனக்கே பிரியாவிடை. பொன்னாடை போர்த்தினார்கள். தன்னிடம் வந்த எவரையும் இல்லை என்று திருப்பி அனுப்பாதவர் என்று என்னைப் புகழ்ந்தார்கள். நான் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன், அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் போனேன். லெட்சுமி வாசலில் விறகு கட்டிக்கொண்டிருந்தார். உள்ளே கூப்பிடவில்லை. மன்னிப்புக் கேட்டேன். விறகுக் கட்டை இன்னும் இறுக்கினார். கயிற்றைக் காட்டி, வசந்தி மறுபடி ஓட வேண்டும் என்றேன்.

"ஓடுனா கண்ணு வருமா?"

"வராதுங்க."

"வேல கெடைக்குமா?"

"கெடைக்காது."

"மெடலு?"

"கஷ்டந்தான். இருபத்திரண்டு வயசுல ஆரம்பிச்சிருக்கு."

"அப்புறம் எதுக்கு சேர் ஓடணும்?"

முப்பத்திரண்டு வருடம் விளையாட்டில் சம்பளம் வாங்கியவன் நான். இந்தக் கேள்வியை ஒருவரிடமும் கேட்டதில்லை. அப்போதுதான் உள்ளே திரும்பி, வாழ்க்கையில் முதல் தடவையாக அவளிடம் கேட்டேன்.

"வசந்தி, நீ சொல்லும்மா. எதுக்கு ஓடணும்?"

வானொலியை அணைத்துவிட்டு வாசற்படிக்கு வந்தாள்.

"கண்ணு போனதுலருந்து எல்லாரும் என்கிட்ட ஒண்ணுதான் சேர் சொல்லியிருக்காங்க. மெதுவா, மெதுவான்னு. அம்மா சொல்லும், பக்கத்து வீட்டுக்காரங்க சொல்லுவாங்க, பஸ்ஸுல சொல்லுவாங்க. மிஸ் ஒருத்தங்கதான் வேகமான்னு சொன்னாங்க."

லெட்சுமி விறகைக் கீழே வைத்தார். பிறகு, "அந்தம்மாதான் போயிட்டாங்களே. இனிமே யாரு கூட ஓடுவ?" என்றார்.

"நான் இருக்கேனே" என்றேன்.

தாயும் மகளும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள். இருந்தாலும் வீராப்பாகக் கயிற்றை மாட்டிக்கொண்டு தோட்டத்து ரோட்டில் வசந்தியோடு கிளம்பினேன். முப்பதாவது எட்டில் முழங்கால் கைவிட்டது. ரோட்டோரத் தண்ணீர்க் கானில் விழாமல் அதன் கரைக் கல்லில் உட்கார்ந்தது மட்டும்தான் என் சாமர்த்தியம். வளையம் என் கையிலிருந்து நழுவ, வசந்தி கயிறு தொங்க நடுரோட்டில் நின்றாள். லெட்சுமி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். பிறகு இறங்கி வந்தார். தலைப்பை இடுப்பில் செருகினார். செருப்பைக் கழற்றி என் பக்கத்தில் வைத்தார். நாள் முழுக்க மலை ஏறி இறங்குகிற கால் அது, எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

"நீங்க இருங்க சேர்."

தொங்கிய வளையத்தைத் தன் கையில் மாட்டினார். முதலில் நடந்தார்கள். பிறகு மெல்ல ஓடினார்கள். லெட்சுமி என்னைவிட மோசமாக இழுத்தார்.

"அம்மா, இழுக்காதீங்க."

"மெதுவா புள்ள, கல்லு கெடக்கு."

"கல்லு கெடந்தா கல்லுன்னு சொல்லுங்கம்மா. மெதுவான்னு சொல்லாதீங்க."

வளைவில் திரும்பித் தேயிலைக்கு அந்தப் பக்கம் மறைந்துவிட்டார்கள். நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு செருப்புக்குக் காவல் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மூச்சு வாங்க வாங்க லெட்சுமியின் குரல்.

"கல்லு இல்ல புள்ள. ஓடு."